ஸ்பானிஷில் ‘நாளைக்கு’ சொல்ல ஆறு துணி கிளிப் போதும்

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிறோம். வெந்நீர், காலைப் பலகாரம், முன்கூட்டிச் சொன்னால் ராச்சாப்பாடு. வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பூராவும் நாளையைப் பற்றித்தான். நாளைக்கு மழை வருமா, வண்டி எத்தனை மணிக்கு வரும், பேரிஜம் ஏரிக்கு வனத்துறை பாஸ் கிடைக்குமா, தோசை உண்டா. நேற்று இங்கே என்ன நடந்தது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அதனால் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியபோது நிகழ்காலத்தைத் தள்ளி வைத்துவிட்டு நேராக எதிர்காலத்தில் இறங்கினேன். பாடப் புத்தகங்கள் அதை ரொம்பத் தள்ளித்தான் வைத்திருக்கின்றன. தமிழ் பேசுகிறவர்களுக்கு அதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றால், 2020 மார்ச்சில் இரண்டு ராத்திரி தங்க வந்து ஊரடங்கில் மாட்டிக்கொண்ட ஒரு அர்ஜென்டினா தம்பதி. இரண்டு ராத்திரி இரண்டு மாதமாக நீண்டது. அந்தப் பெண் என்னிடம் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டாள்; நான் அவளிடம் வினைச்சொல் கற்றுக்கொண்டேன். ரசம் அவளுக்குக் கடைசிவரை கொதித்து முறிந்துதான் போனது. என் ஸ்பானிஷ் கொஞ்சம் தேறியது.

வழக்கமான பாடம் மாதிரி கட்டம் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். அலமாரியில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து, பின்பக்கம் வெறுமையாக இருக்கும் அட்டைகளை நீளவாக்கில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வினை, அகராதியில் இருக்கிற முழு உருவத்தில். அப்லார் என்றால் பேச, கொமேர் என்றால் சாப்பிட, சுபீர் என்றால் ஏற. ஸ்பானிஷில் எந்த வினையும் இப்படி ஆர், ஏர், ஈர் என்ற மூன்றில் ஒன்றில்தான் முடியும். பிறகு ஆறு துணி கிளிப். இந்த ஊரில் துணி மூன்று நாளானாலும் காயாது, ஆகவே கிளிப்புக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி இந்த ஆறையும் எழுதுங்கள்: ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், ஏய்ஸ், ஆன்.

இனி அட்டையின் வலது ஓரத்தில் கிளிப்பை மாட்டுங்கள். அவ்வளவுதான் எதிர்காலம்.

அப்லரே, நான் பேசுவேன்.
அப்லராஸ், நீ பேசுவாய்.
அப்லரா, அவன், அவள், அவர் பேசுவார். ‘நீங்கள்’ என்று மரியாதையாகச் சொல்லும் ஒற்றை ஆளுக்கும் இதே.
அப்லரேமொஸ், பேசுவோம்.
அப்லரேய்ஸ், நீங்களெல்லாம் பேசுவீர்கள் (பெரும்பாலும் ஸ்பெயினில், நெருங்கியவர்களிடம்).
அப்லரான், அவர்கள் பேசுவார்கள். மற்ற ‘நீங்களெல்லாம்’ அத்தனைக்கும் இதே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் அட்டையின் வாலை வெட்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஆர் ஒருவிதம், ஏர், ஈர் வேறுவிதம் என்று பிரிந்துபோகும். எதிர்காலத்துக்குக் கத்தரிக்கோலே வேண்டாம். முழுச்சொல் அப்படியே நிற்கிறது, பின்னால் கிளிப் விழுகிறது. மூன்று வகைக்கும் அதே ஆறு கிளிப். கொமெரே, கொமெராஸ், கொமெரா. சுபிரே, சுபிராஸ், சுபிரா. தமிழிலேயே நமக்குச் செய்வேன், உண்பேன், நடப்பேன் என்று வ், ப், ப்ப் மூன்று தேவைப்படுகிறது, குழந்தைகள் தடுமாறுகிறார்கள். ஸ்பானிஷ்காரர்கள் இந்த ஒரு இடத்தில் நம்மைவிட எளிமை.

நமக்கு இன்னொரு லாபம். பேசுவேன் என்றாலே ‘நான்’ சொல்ல வேண்டியதில்லை, வால் சொல்லிவிடுகிறது. ஸ்பானிஷும் அப்படியே. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ‘யொ, யொ’ என்று ‘நான், நான்’ போட்டுக்கொண்டே இருப்பார்கள். நாம் போட மாட்டோம். அந்தப் பெண் இதைத்தான் முதல் நாளே ஆச்சரியமாகச் சொன்னாள்.

நான் தமிழில் எழுதியிருக்கிற முறையைப் பற்றி ஒரு வார்த்தை. நெடில் வருகிற இடத்தில் குரலை அழுத்துங்கள், குறிலில் விட்டுவிடுங்கள். அப்லரே என்றால் கடைசி ரேயில் அழுத்தம். ‘அப்’பில் இருக்கும் ப், ‘தம்பி’யில் வருகிற மென்மையான ப். ஸ்பானிஷில் எழுதும்போது முன்னால் எச் என்ற எழுத்து நிற்கும், வாயைத் திறக்காது, மறந்துவிடுங்கள். ‘வி’ எழுத்தும் அவர்கள் வாயில் அந்தத் ‘தம்பி’ ப-தான், நான் பழக்கத்தில் வ என்று எழுதுகிறேன். த, க, ப மூன்றையும் நாம் காற்று விடாமல் சொல்வதால் கேட்கிறவர்களுக்குக் காதில் உறுத்தாது. சொல்லின் நடுவில் g, d எழுத்துகளுக்கு நான் போடும் க, த இரண்டும் ‘அகம்’, ‘அது’ என்பதில் நாம் மென்மையாக்குவது போலவே அவர்களிடமும் மெலிகிறது. இதற்காக நாம் தனியாக ஒன்றும் பாடுபட வேண்டாம்.

எழுதும்போது மட்டும் ஜாக்கிரதை. ஆறு கிளிப்பில் ஐந்தின் உயிரெழுத்து மேல் சின்னதாக ஒரு சாய்கோடு வரும். ஏமொஸ் மேல் மட்டும் வராது. ஏன் என்று நான் பல நாள் கேட்டுக் கேட்டு அந்தப் பெண்ணைச் சோர வைத்தேன். காரணம் இதுதான். ஸ்பானிஷில் உயிரெழுத்தில், அல்லது என், எஸ் எழுத்தில் முடிகிற சொல்லுக்கு இயல்பான அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில். எதிர்காலமோ அழுத்தத்தைக் கடைசி அசைக்குத் தள்ளுகிறது. வழக்கத்தை மீறுவதால் கோடு போட்டு அறிவிக்கிறார்கள். அப்லரேமொஸில் அழுத்தம் ரேயில், அதாவது முந்தின அசையில்தான். மீறல் இல்லை, கோடும் இல்லை. ஏய்ஸ் ஒரே அசையாகக் கணக்கு, அதனால் அதற்குக் கோடு உண்டு.

கோட்டை விட்டால் என்ன ஆகும்? அப்லரா என்றால் பேசுவார். கோடு இல்லாமல் எழுதினால் அது அப்லார. ‘பேசினால்’ என்கிற மாதிரி இடத்தில் வருகிற வேறு வினை வடிவம். வாட்ஸ்அப்பில் அவர்களே கோடு போடாமல்தான் எழுதுகிறார்கள், புரிந்துகொள்கிறார்கள். அறைக் கதவில் ஒட்டுகிற அறிவிப்பில் நான் போடாமல் விடுவதில்லை.

இந்த ஏ, ஆஸ், ஆ எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மறக்காது. லத்தீனில் பேச்சு வழக்கில் ‘பேச வைத்திருக்கிறேன்’ என்கிற மாதிரி, முழு வினைக்குப் பின்னால் ‘உடைய’ என்ற வினையின் நிகழ்காலத்தைச் சேர்த்துச் சொன்னார்கள். நாளடைவில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. இன்றைக்கும் அபேர் என்ற அந்த வினை எ, அஸ், அ, எமொஸ், அபேய்ஸ், அன் என்றுதான் வருகிறது. நம் கிளிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே ஆறு. ஐந்தாவதில் மட்டும் முன்பகுதி உதிர்ந்திருக்கிறது. இதைக் கேட்டதும் எனக்குச் செய்தித்தாள் தமிழ்தான் நினைவுக்கு வந்தது. ‘அமைச்சர் திறந்து வைக்க உள்ளார்’, ‘நாளை பேசவிருக்கிறேன்’. ‘பேச’வுக்குப் பின்னால் ‘இருக்கிறேன்’. கிட்டத்தட்ட அதே தந்திரம்.

அதேபோல் ‘பேசப் போறேன்’ என்பதும் அவர்களிடம் உண்டு. வோய் அ அப்லார், போகிறேன், பேச. வாயில் அதிகம் வருவது இதுதான், குறிப்பாகத் தென் அமெரிக்காவில். நீங்கள் கிளிப் வடிவத்தில் பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், கொஞ்சம் திருத்தமாகப் பேசுகிறாற்போல இருக்கும். எழுத்தில், அறிவிப்பில், வாக்குக் கொடுப்பதில் கிளிப் வடிவம்தான் நிற்கும்.

வாக்குக் கொடுப்பது என்றதும் பகரே ஞாபகம் வருகிறது. பகார் என்றால் பணம் கட்ட. ஊரடங்கில் ஏடிஎம்முக்குப் போக வழியில்லை. அந்த அர்ஜென்டினாப் பெண்ணின் கணவன் வாரா வாரம் என் மளிகை நோட்டில் அறை வாடகைத் தொகையை எழுதி, அடியில் ஒரே சொல்லை எழுதி, கையெழுத்துப் போடுவான்: பகரே. ‘கட்டுவேன்’. நாலாவது வாரம் சிரித்துக்கொண்டே சொன்னான், ஸ்பானிஷில் புரோநோட்டுக்குப் பெயரே அதுதானாம். பத்திரத்தின் பெயர் ‘கட்டுவேன்’! எங்கள் ஊர்ப்பக்கம் எத்தனை புரோநோட்டு பார்த்திருக்கிறோம், ஒன்றிலாவது இத்தனை நேர்மையான தலைப்பு உண்டா? அவன் கட்டிவிட்டுத்தான் போனான், பைசா பாக்கியில்லை. அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். ஏவின் மேல் சாய்கோடு பேனா அழுத்தி ஓட்டை விழுந்திருக்கும்.

இன்னொரு நல்ல சேதி. மற்ற காலங்களில் ஆளைக் கொல்கிற வினைகள் இங்கே சாதுவாக இருக்கும். சேர், எஸ்தார் இரண்டுமே ‘இருக்க’, செரே, எஸ்தரே. தார் என்றால் கொடுக்க, தரே. (தருவேன் என்றே காதில் விழுகிறது, மறக்கவே முடியாது.) வேர் என்றால் பார்க்க, வெரே. ஈர் என்றால் போக, இரே. இதில் மட்டும் எனக்கு முதலில் குழப்பம். யாராவது ‘இரே’ என்றால் ‘கொஞ்சம் இரேன்’ என்று நிற்கச் சொல்வதாக நினைத்து நிற்பேன். அவர்கள் போவேன் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருப்பார்கள்.

அடங்காதவை பன்னிரண்டு வினைகள். அவற்றிலும் கிளிப் மாறாது, அட்டைதான் கொஞ்சம் நசுங்கும். பொதேர் பொத்ரே ஆகும், முடியும் என்பதற்கு. சபேர், தெரிய, சப்ரே. அபேர், அப்ரா; ‘இருக்கும், கிடைக்கும்’ என்பதற்கு இது தினமும் தேவை. அப்ரா தோசை, தோசை இருக்கும். தெனேர் (வைத்திருக்க) தெந்த்ரே, பொனேர் (வைக்க) பொந்த்ரே, சலீர் (வெளியே போக) சல்த்ரே, வெனீர் (வர) வெந்த்ரே என்று சிலவற்றில் நடுவில் ஒரு த நுழையும். அசேர், செய்ய, அரே என்று சுருங்கும். தெசீர், சொல்ல, திரே. மிச்சம் கெரேர், கபேர், வலேர் மூன்றும் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வெந்த்ரே மட்டும் எச்சரிக்கை. வெந்தேர் என்று ஒழுங்கான வினை ஒன்று இருக்கிறது, விற்க. அதன் எதிர்காலம் வெந்தெரே. நடுவில் ஒரு எகரம் இருந்தால் விற்பேன், இல்லாவிட்டால் வருவேன். பூம்பாறைப் பூண்டு ஒரு கட்டு கேட்ட ஸ்பெயின்காரரிடம் ‘நாளைக்கு விற்கிறேன்’ என்று சொல்ல நினைத்து ‘நாளைக்கு வருகிறேன்’ என்று சொல்லியிருக்கிறேன். அவர் மரியாதைக்கு, ‘எங்கே?’ என்று கேட்டார்.

இப்போது முக்கியமான பள்ளம். தமிழர்கள் எல்லோரும் விழுகிற பள்ளம் இது, நானும் விழுந்தேன்.

ஒரு ஐப்பசி மாதம். ஸ்பெயினிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள், அப்பாவும் மகளும். பேரிஜம் போக ஜீப், பாஸ் எல்லாம் ஏற்பாடு. காலையில் காபி கொடுத்துக்கொண்டே, இந்த மாசத்தில் மத்தியானத்துக்கு மேல் மழை பெய்யும் என்று பொதுவாகச் சொல்ல ஆசைப்பட்டேன். யொவேர், மழை பெய்ய. கிளிப்பை மாட்டினேன்: பொர் ல தார்தெ, யொவெரா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு அறையில் போய் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு என்றைக்கும் இல்லாத வெயில். நாலு மணிக்கு அந்தப் பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, வானத்தைக் காட்டி, ‘யொவெரா?’ என்றாள். என் வீட்டுக்காரர் இன்றுவரை அந்த ஜீப் வாடகையைச் சொல்லிக்காட்டுவார்.

நான் சொன்னது தமிழ். மாடு புல் தின்னும், சூரியன் கிழக்கே உதிக்கும், ஐப்பசியில் மழை பெய்யும். உருவம் எதிர்காலம், பொருள் வழக்கம். ஸ்பானிஷில் வழக்கத்தை நிகழ்காலத்தில்தான் சொல்ல வேண்டும்: யுவேவெ. ‘சின்ன வயசில் பாம்பார்புரம் வழியா நடந்தேதான் பள்ளிக்கூடம் போவோம்’ என்கிறோமே, அந்தப் ‘போவோம்’ இன்னும் மோசம். அவர்களுக்கு அது இறந்தகாலத்தில் ஒரு தனி வடிவம். எதிர்காலக் கிளிப்பை அதில் மாட்டினால், கிழவியாகி மறுபடி பள்ளிக்கூடம் போகப் போகிறாள் என்று நினைப்பார்கள்.

அதன் பிறகு நானே ஒரு சோதனை கண்டுபிடித்தேன். சொல்ல வந்த தமிழ் வாக்கியத்துக்கு முன்னால் ‘தினமும்’ அல்லது ‘அப்பல்லாம்’ போட்டால் பொருந்துகிறதா? கிளிப்பைக் கீழே வையுங்கள். ‘நாளைக்கு’ பொருந்துகிறதா? மாட்டுங்கள். ‘இந்நேரம்’ பொருந்துகிறதா? அப்போதும் மாட்டுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘அவர் இந்நேரம் வத்தலக்குண்டு தாண்டியிருப்பார்’, ‘மணி மூணு இருக்கும்’ என்று ஊகத்தை நாம் எதிர்காலத்தில் சொல்கிறோமே, ஸ்பானிஷும் அப்படியே சொல்கிறது. செரான் லஸ் த்ரேஸ், மணி மூன்று இருக்கும். எஸ்தரா என் காச, வீட்டில் இருப்பார். இங்கே மேகம் இறங்கிவிட்டால் எதிர் வீடு தெரியாது. யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே ஊகம்தான். எஸ்தரா, எஸ்தரா என்று நாள் முழுக்கச் சொல்லலாம்.

‘மாட்டேன்’ என்பதற்குத் தனி வடிவம் கிடையாது. முன்னால் நொ சேர்த்தால் போதும்: நொ அப்லரே, பேசமாட்டேன். பைபிளின் பத்துக் கட்டளைகளில் பலவும் இந்த வடிவத்தில்தான்: நொ மத்தராஸ், கொலை செய்யாதே, நொ ரொபராஸ், திருடாதே. ‘நீ திருடமாட்டாய்’ என்று நம்பிக்கையோடு கட்டளை போடுகிறார்கள். நம் அம்மாக்கள் ‘நீ இப்ப எழுந்து குளிப்பியாம்’ என்று சொல்கிற அதே தோரணை.

‘மழை பெஞ்சா’, ‘வண்டி வரும்போது’ இந்த இரண்டு இடத்திலும் கிளிப் ஆகாது. ‘வரும்போது’வில் ‘வரும்’ இருக்கிறதே என்று மாட்டிவிடாதீர்கள். அவற்றுக்கு வேறு வடிவங்கள் உண்டு, அது வேறு நாள் பாடம்.

பழகுவதற்கு வழி: அடுக்களை ஜன்னல் கம்பியில் ஏழெட்டு அட்டையைத் தொங்கவிடுங்கள். தெசயுனார், காலைப் பலகாரம் சாப்பிட. யெகார், வந்து சேர. யெவார், கூட்டிப்போக. கமினார், நடக்க. ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்ததும் மறுநாள் நடக்கப்போகிற நாலே நாலு காரியத்தை எடுத்து, சரியான கிளிப்பை மாட்டி, வாய்விட்டுச் சொல்லுங்கள். என்னுடையது பெரும்பாலும் இப்படி இருக்கும்: மஞான தெசயுனரான் அ லஸ் ஓச்சொ, நாளைக்கு எட்டு மணிக்குப் பலகாரம் சாப்பிடுவார்கள். எல் தாக்ஸி யெகரா அ லஸ் நுவேவெ, டாக்ஸி ஒன்பதுக்கு வரும். மி மரீதொ லொஸ் யெவரா அ பேரிஜம், என் வீட்டுக்காரர் அவர்களைப் பேரிஜம் கூட்டிப்போவார். மறுநாள் ராத்திரி நடக்காததைக் கழற்றுங்கள். பத்து நாளில் கை தானாகக் கிளிப்பைத் தேடும்.

உச்சரிப்பில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. என் ஆசிரியை அர்ஜென்டினாக்காரி என்பதால் யொவெராவை ஷொவெரா என்றுதான் கற்றேன், யெகராவை ஷெகரா. ஸ்பெயின்காரர்கள் கேட்டுவிட்டு ‘இது எந்த ஊர் மழை?’ என்று சிரித்தார்கள். ஏய்ஸ் கிளிப்பையும் அவள் எனக்குக் கொடுக்கவேயில்லை, அவர்கள் நாட்டில் அது வழக்கில் இல்லை. பல வருஷம் என் கம்பியில் ஐந்து கிளிப்தான் தொங்கியது. நீங்கள் எந்தப் பக்கம் பேசினாலும் வால் ஒன்றுதான், கவலை வேண்டாம்.

போன மாதம் அந்தத் தம்பதியிடமிருந்து சேதி வந்தது. 2018-இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்கும் என்று நான் என்றைக்கோ சொல்லியிருந்தேன். ஃப்ளொரெசேர், பூக்க, ஃப்ளொரெசெரா. அதை நினைவு வைத்துக்கொண்டு எழுதியிருந்தார்கள்: வொல்வெரேமொஸ், திரும்ப வருவோம். கூடவே ஒரு கேள்வி, அப்போது அறை வாடகை எவ்வளவு இருக்கும், குவாந்தொ கொஸ்தரா?

2030-இல் வாடகை எவ்வளவு என்று இப்போதே யார் சொல்வது? யோசித்தேன். நமக்கு எந்த மொழியிலும் முதலில் வருகிற பதில் ஒன்று இருக்கிறதே, அது அவர்களிடமும் அப்படியே உண்டு. சாய்கோடு கூடத் தேவையில்லை. யா வெரேமொஸ் என்று அனுப்பினேன். பார்ப்போம்.